விபத்தும் விதியும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



இன்று "சட்டமும் பொருளாதாரமும்" என்பது பற்றி நாம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. இந்தத் தலைப்பைப் பார்த்தவுடனே, இது வக்கீல்களுக்கும் பாங்கிக்காரர்களுக்கும் உரிய சங்கதி, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் பலர் நினைத்திருக்கக் கூடும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சற்று உள்ளே புகுந்து பார்த்த பிறகு, நமது இயக்கம் எந்த விதியையும் கர்மத்தையும் எதிர்த்துப் பேசி வருகிறதோ, அந்த விதியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும் வேலையை ஒரு சட்டப் பேராசிரியர் தமது அறையில் உட்கார்ந்தபடியே செய்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் நமது இயக்கத்தைச் சேர்ந்தவரல்ல. நாஸ்திகம் பேசினவருமல்ல. ஆனாலும் நல்ல சரக்கு எந்தக் கடையில் இருந்தாலும் வாங்க வேண்டியதுதானே!

ஒருவன் ரோட்டில் மோட்டார் மோதிச் செத்துப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் என்ன சொல்லுகிறார்கள்? "அவனுக்கு நாள் முடிந்துவிட்டது, எமன் லாரி உருவத்தில் வந்தான்" என்கிறார்கள். போலீசாரும் வக்கீல்களும் என்ன செய்கிறார்கள்? டிரைவர் மேல் தப்பா, செத்தவன் மேல் தப்பா என்று நாலைந்து வருஷம் வழக்காடுகிறார்கள். ஊரார் பேசுவது மூடநம்பிக்கை, கோர்ட்டார் பேசுவது அறிவு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த இரண்டு கூட்டத்தாருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அதாவது, இந்தச் சாவு நேராதபடி எவன் குறைந்த செலவில் தடுத்திருக்கக் கூடும் என்பதே அந்தக் கேள்வி. 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்தில் மாண்டார்கள் என்பது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இத்தனை பேர் தலையிலும் பிரமன் ஒரே மையைத் தொட்டு எழுதினானா என்று நாம் கேட்டால் நம்மீது கோபித்துக் கொள்ளுகிறார்கள்.

அந்தக் கேள்வியைச் சட்டத்தின் நடு வீட்டுக்குள்ளேயே கொண்டு போய் வைத்தவர் குயிடோ கலப்ரேசி என்பவர். 1932-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஒரு டாக்டர். பாசிஸ்டு ஆட்சியை எதிர்த்தவர். குடும்பமோ யூத வம்சத்தைச் சேர்ந்தது. 1938-ல் முசோலினி சர்க்கார் யூதர்களுக்கு விரோதமாகச் சட்டம் செய்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கக் கூடாது, உத்தியோகம் பார்க்கக் கூடாது, மற்றவர்களைக் கலியாணம் செய்து கொள்ளக் கூடாது என்பது போன்ற சட்டங்கள். நமக்கு இவை புதியவையல்ல. இங்கே இவற்றுக்குத் தர்மசாஸ்திரம் என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். 1939-ல் அந்தக் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது குயிடோவுக்கு வயது ஆறு. சட்டம் என்பது மனிதன் செய்வது, அதை ஒரு கூட்டத்தார் தங்கள் சௌகரியத்துக்காகச் செய்து இன்னொரு கூட்டத்தார் தலையில் சுமத்தவும் கூடும் என்கிற பாடத்தை அவர் எழுத்துப் படிக்கிற வயதிலேயே கண்ணால் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்டவர் பின்னால் சட்டத்தைப் பார்த்து, "இது யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்" என்று கேட்டதில் நமக்கு ஆச்சரியமில்லை.

அவர் படித்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யேல் சர்வகலாசாலையில் முதலில் பொருளாதாரம் படித்து 1953-ல் பட்டம் பெற்றார். பிறகு ஆக்ஸ்போர்டுக்குப் போய் 1955-ல் ஒரு பட்டம். பிறகு திரும்பி வந்து யேலிலேயே சட்டம் படித்து 1958-ல் தேறினார். அதன் பிறகு ஒரு வருஷம் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஹியூகோ பிளாக் என்பவரிடம் உதவியாளராக இருந்தார். (இந்தப் பிளாக் என்பவர் ஒரு காலத்தில் நீக்ரோக்களைத் துன்புறுத்திய கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தவர். அவரே 1954-ல், கருப்பர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவராக இருந்தார். மனிதன் மாறவே மாட்டான், பிறவிக் குணம் போகாது என்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும்.) 1959-ல் கலப்ரேசி யேல் சட்டக் கலாசாலையில் ஆசிரியரானார். 1985 முதல் 1994 வரை அதற்குத் தலைவர். 1994-ல் அப்பீல் கோர்ட்டு நீதிபதியுமானார்.

பட்டங்களை அடுக்குவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. இங்கே பட்டம் பெற்றவர்களில் ஜாதகம் பார்க்காமல் பெண்ணெடுத்தவர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு படிப்பும் ஒரே தலைக்குள் சேர்ந்ததுதான் விசேஷம். ஏனென்றால் அக்காலத்தில் சட்டம் படிக்கிறவன் புரோகிதனைப் போல் பழைய தீர்ப்புகளை ஒப்பிப்பான். முன்னோர் அப்படிச் சொன்னார்கள், ஆகையால் இப்படித்தான் என்பான். பொருளாதாரம் படிக்கிறவனோ விலை ஏறுவதையும் இறங்குவதையும் கோடு போட்டுக் காட்டுவான். விபத்தில் கால் போனவனைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. 1961-ல் கலப்ரேசி, நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பற்றி யேல் சட்டப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

அதற்கு முந்திய வருஷம், 1960-ல், ரொனால்டு கோஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார ஆசிரியர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். அவர் சொன்ன உதாரணம் கிராமத்துத் தோழர்களுக்கு நன்றாக விளங்கும். ஒருவன் மாடு வளர்க்கிறான். பக்கத்தில் ஒருவன் பயிர் வைத்திருக்கிறான். மாடு புகுந்து மேய்ந்து விட்டது. தப்பு யாருடையது? மாட்டுக்காரனுடையது என்று எல்லாரும் சொல்லுவோம். கோஸ் என்ன சொன்னாரென்றால், மாடு இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, பயிர் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆகவே நஷ்டம் இரண்டும் சேர்ந்து உண்டாவது. வேலி போட யாருக்குச் செலவு குறைவு என்று பார்ப்பதே புத்திசாலித்தனம் என்றார். இருவரும் உட்கார்ந்து பேரம் பேசுவதற்கு ஒரு செலவும் இல்லையென்றால், கோர்ட்டு எவன் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் கடைசியில் செலவு குறைந்த வழியே நடந்தேறும் என்றும், ஆனால் உலகத்தில் பேரம் சும்மா நடப்பதில்லை என்றும் சொன்னார்.

நாம் இதில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாடு பண்ணையாருடையது, பயிர் பண்ணையாளுடையது என்றால் பேரம் எப்படி நடக்கும்? பண்ணையார் மாட்டைப் பட்டியில் அடைத்து விட்டு அவன் அந்த ஊரில் குடியிருக்க முடியுமா? இருவரும் சமமாக உட்காரத் திண்ணையே இல்லாத ஊரில் பேரம் என்பது வெறும் பேச்சுத்தான்.

கலப்ரேசி எடுத்துக்கொண்டது பேரமே நடக்க முடியாத விஷயத்தை. ரோட்டில் நடந்து போகிறவன், நாளைக்குத் தன்மேல் மோதப் போகிற மோட்டார்க்காரனைத் தேடிப் பிடித்து, "என் கால் போனால் எவ்வளவு தருவாய்" என்று முன்கூட்டிப் பேச முடியுமா? முடியாது. ஆகவே செலவை எவன் தலையில் வைப்பது என்பதைச் சட்டந்தான் தீர்மானிக்கிறது. சட்டம் பேசாமல் இருந்தாலும் அதுவும் ஒரு தீர்மானந்தான்; அப்போது செலவு முழுவதும் அடிபட்டவன் தலையில் விழுகிறது. இதைத்தான் நம்மவர்கள் விதி என்கிறார்கள்.

1970-ல் அவர் விபத்துகளின் செலவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் செலவு மூன்று விதம் என்கிறார். கை கால் உயிர் போவது முதலாவது. அந்த நஷ்டம் ஒரே குடும்பத்தின் தலையில் மொத்தமாக விழுந்து அதை அழித்து விடுவது இரண்டாவது. நூறு ரூபாயை நூறு பேர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் தெரியாது, ஒருவனே கொடுத்தால் அவன் வீட்டில் உலை ஏறாது. மூன்றாவது, இவற்றைத் தீர்க்க ஏற்படும் கோர்ட்டுச் செலவு, வக்கீல் பீஸ், வாய்தா வகையறா. இந்த மூன்றின் மொத்தத்தையும், அவற்றைத் தடுப்பதற்காக ஆகும் செலவையும் சேர்த்துக் குறைப்பதே விபத்துச் சட்டத்தின் வேலை என்றார். அதற்கு வழி, விபத்தை யார் குறைந்த செலவில் தவிர்க்கக் கூடுமோ அவன் தலையில் நஷ்டத்தை வைப்பது. அப்படி வைத்தால் அவன் தானாகவே தவிர்க்கப் பார்ப்பான். அவனுக்குப் புண்ணியம் பாவம் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கியவுடன் வழக்கில் இதுவரை காணாத ஆட்கள் தெரிய வருகிறார்கள். மோதினவனும் மோதப்பட்டவனும் மாத்திரமா விபத்துக்குக் காரணம்? வண்டியைச் செய்தவன் எங்கே? ரோட்டைப் போட்டவன் எங்கே? அந்தக் காலத்து அமெரிக்க மோட்டார்களில் மோதின வேகத்தில் ஸ்டீரிங் தண்டு டிரைவரின் மார்பில் ஈட்டி போலப் பாய்ந்து விடும். டிரைவருக்கு ஆயிரம் தடவை "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று உபதேசம் செய்வதைவிட, மோதினால் மடங்குகிற தண்டாகச் செய்வது சுலபமல்லவா? 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் இப்படிப்பட்ட தண்டும், இடுப்புப் பட்டையும் புது வண்டிகளில் கட்டாயமாயின. இது கலப்ரேசி ஒருவரால் வந்தது என்று நாம் சொல்லவில்லை, பலர் போராடினார்கள். சாலைகள் திருந்தின, வைத்தியம் முன்னேறிற்று, குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பிடித்தார்கள். பலன் என்னவென்று கேளுங்கள். அந்த நாட்டில் வண்டிகள் ஓடுகிற 10 கோடி மைலுக்கு 1966-ல் ஐந்தரைப் பேர் வீதம் செத்துக் கொண்டிருந்தார்கள். 2014-ல் அது சுமார் ஒருவராகக் குறைந்தது. எமதர்மன் மனம் இரங்கினானா? சித்திரகுப்தன் பழைய ஏட்டைத் தொலைத்து விட்டானா? அல்லது அமெரிக்காவில் எவனாவது மிருத்யுஞ்சய ஓமம் செய்தானா? ஸ்டீரிங் தண்டை மாற்றினார்கள், தோழர்களே!

நிற்க. இந்தப் பேராசிரியர் தமது மாணாக்கர்களிடம் ஒரு கதை சொல்லுவதுண்டு. 1985-ல் எழுதிய புத்தகத்திலும் அதை வைத்திருக்கிறார். நமது ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கதை அது. ஒரு துஷ்ட தெய்வம் உங்கள் நாட்டுக்கு வருகிறது. உங்கள் வாழ்வு சுகமாகவும் உல்லாசமாகவும் ஆகும்படி ஒரு வரம் தருகிறேன், நீங்கள் விரும்பினதையே கேளுங்கள் என்கிறது. பதிலுக்கு ஒன்றே ஒன்று: வருஷந்தோறும் ஆயிரம் வாலிபர்களை நான் பொறுக்கி எடுத்துச் சித்திரவதை செய்து கொல்லுவேன் என்கிறது. இந்த வரம் வேண்டுமா என்று கேட்டால் மாணாக்கர் எல்லாரும் கூடாது என்பார்களாம். உடனே அவர், "இதற்கும் மோட்டாருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பாராம். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் மோட்டார் விபத்தில் வருஷத்துக்கு 40,000 பேருக்கு மேல் செத்துக் கொண்டிருந்தார்கள்! தெய்வம் கேட்டது ஆயிரந்தான்.

நமது நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லாமல், பலி எந்தக் கிழமையில், தேங்காய் எத்தனை, கட்டளை யாருக்கு என்று கேட்டிருப்பார்கள் என்று நமக்கொரு பயம். பெரிய பாலமும் அணையும் கட்டும்போது நரபலி கொடுப்பார்கள், பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்று கிராமங்களில் கிளம்பிய பீதியை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் புரளி வெறும் பொய். ஆனால் சாரம் கட்டாமல், கயிறு கொடுக்காமல் வேலை வாங்கி ஆட்கள் விழுந்து செத்தால், அது மெய்யான நரபலி. அதற்கு ஒருவரும் பயந்து கதவைச் சாத்துவதில்லை. ஏனென்றால் அதற்குக் கூலி வேலை என்று பெயர்.

யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்பதை மனிதர்களே தீர்மானித்து விட்டு, தீர்மானித்தது தாங்கள் அல்லவென்று காட்ட எத்தனை வேஷம் போடுகிறார்கள் என்பதை 1978-ல் பிலிப் பாபிட் என்பவருடன் சேர்ந்து எழுதிய இன்னொரு புத்தகத்தில் ஆராய்ந்திருக்கிறார். சீட்டுக் குலுக்குவது, வரிசையில் நிறுத்துவது, சந்தைக்கு விடுவது, பெரிய மனிதர்கள் கமிட்டி போடுவது எல்லாம் வேஷங்கள். இதற்கு ஒரு நடந்த சங்கதியுண்டு. 1960-க்குப் பின் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம் சில மாத்திரம் இருந்தன; நோயாளிகளோ பலர். யாரைப் பிழைக்க வைப்பதென்று பொறுக்க உள்ளூர்ப் பிரமுகர்களைக் கொண்ட கமிட்டி ஒன்று வைத்தார்கள். அவர்கள் நோயாளியின் வருமானம், குடும்பம், படிப்பு, மாதாகோவிலுக்குப் போகிறவனா என்பதையெல்லாம் கவனித்துப் பொறுக்கினார்கள். விஷயம் வெளியே வந்தவுடன் ஜனங்கள் அதற்குக் கடவுள் கமிட்டி என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான்! கடவுள் என்று எவன் வந்தாலும் முதலில் தன் கோவிலுக்கு வருகிறவனைத்தானே பார்ப்பான்? 1972-ல் சர்க்காரே அந்த வைத்தியத்தின் செலவை ஏற்றுக் கொள்ளச் சட்டம் செய்தது. யந்திரங்கள் பெருகின. கமிட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று.

இவ்வளவு புகழ்ந்து விட்டோம். இனி நமக்குள்ள ஆட்சேபணையையும் சொல்லிவிட வேண்டும். சட்டத்தைப் பொருளாதாரத் தராசில் நிறுத்துப் பார்க்கிற இந்தப் படிப்பு அமெரிக்காவில் பெரிய கட்சியாகவே வளர்ந்து விட்டது. சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு போஸ்னர் என்பவர் 1973-ல் புத்தகம் எழுதி, சட்டத்தின் எல்லாப் பகுதியையும் அந்த ஒரே கோலால் அளந்தார். எவன் ஒரு பொருளுக்கு அதிக விலை கொடுக்கச் சித்தமாயிருக்கிறானோ அவனிடம் அது போய்ச் சேருவதே தேசத்தின் செல்வத்தைப் பெருக்கும் என்பது அந்தக் கோல். அந்தக் கணக்குப்படி, பணக்காரன் தன் நாய்க்கு வாங்கும் பாலுக்கு ஏழை தன் பிள்ளைக்கு வாங்கும் பாலைவிட அதிக விலை கொடுப்பானானால், பால் நாய்க்குப் போவதே சரியென்று ஆகும்! ஒருவன் உயிருக்கு நஷ்டஈடு கணக்குப் போடுகிறபோதும் அவனுடைய வருமானத்தைக் கொண்டே போடுகிறார்கள். நமது மோட்டார் விபத்துக் கோர்ட்டுகளிலும் அப்படித்தான். ஆகவே குறைந்த கூலிக்காரன் செத்தால் கொடுக்க வேண்டியது குறைவு. மனுதர்மத்தில் சத்திரியன் பார்ப்பானை வைதால் நூறு பணம் அபராதம், பார்ப்பான் சூத்திரனை வைதால் பன்னிரண்டு பணம், சூத்திரன் பார்ப்பானை வைதால் உடம்பில் தண்டனை என்று விலைப் பட்டியல் இருக்கிறது. அங்கே பிறவியைக் கொண்டு விலை. இங்கே சம்பளத்தைக் கொண்டு விலை. நமது நாட்டில் சம்பளமே பெரும்பாலும் பிறவியைக் கொண்டுதான் என்றால் இரண்டும் ஒரே பட்டியலாகிறது.

கலப்ரேசி இந்தக் கட்சியில் சேர்ந்து கொள்ளவில்லை என்பதே அவரிடம் நமக்குள்ள மதிப்பு. 2016-ல் எழுதிய புத்தகத்தில் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று பெந்தாம் வழி: ஒரு தத்துவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவராத சட்டத்தையெல்லாம் அறிவீனம் என்று தள்ளுவது. மற்றது மில் வழி: சட்டத்துக்கும் தத்துவத்துக்கும் ஒத்துவரவில்லையென்றால், ஒருவேளை தத்துவந்தான் குறையோ என்று அதையும் திரும்பிப் பார்ப்பது. தாம் இரண்டாவது வழி என்கிறார். இங்கே நமக்குக் கொஞ்சம் சங்கடந்தான். பெந்தாம் நமக்குப் பகைவரல்ல. மேலும், நெடுநாளாக வழக்கத்திலிருப்பதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்பது நமது வைதிகர்கள் பாடுகிற பாட்டல்லவா? ஆனால் இவர் வழக்கத்தைக் கும்பிடச் சொல்லவில்லை; பரீட்சை செய்யச் சொல்லுகிறார். வைதிகர் அதைத்தான் கூடாது என்கிறார்.

கடைசியாக ஒன்று. 1972-ல் அவரும் டக்ளஸ் மெலமெட் என்பவரும் ஹார்வர்டு சட்டப் பத்திரிகையில் எழுதியது. ஒருவனுடைய உரிமையைச் சட்டம் மூன்று விதமாகக் காக்கலாம். அவன் சம்மதித்து அவன் சொல்லும் விலைக்கு ஒப்பினால்தான் அதை எடுக்கலாம் என்பது ஒரு விதம். உங்கள் வீடு அப்படிப்பட்டது. சம்மதமில்லாமலும் எடுத்துக் கொள்ளலாம், ஆனால் கோர்ட்டு சொல்லும் விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இரண்டாவது; விபத்தில் போன கால் அப்படிப்பட்டது. அவனே சம்மதித்தாலும் விற்கக் கூடாது, எவனும் வாங்கக் கூடாது என்பது மூன்றாவது. ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள முடியாது என்பது இதைச் சேர்ந்தது.

இப்போது நம் ஊர்ச் சாக்கடைக்கு வாருங்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் மலக்குழியிலும் சாக்கடைக் குழியிலும் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. இறக்குகிறவனுக்கு முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை. இது மூன்றாவது விதச் சட்டம். அவனே "நான் இறங்குகிறேன், ஐநூறு ரூபாய் கொடு" என்றாலும் இறக்கக் கூடாது. குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்திற்று. குடும்பம் அநாதையாகாமல் இருக்க அது வேண்டியதுதான், குறைவென்றே சொல்லுவோம். ஆனால் நடப்பதென்ன? ஆள் செத்தால் தொகை, இல்லாவிட்டால் சும்மா என்று மூன்றாவது விதச் சட்டத்தை இரண்டாவது விதமாக்கிக் கொண்டு விட்டார்கள். விலையைக் கொடுத்துவிட்டு எடுத்துக் கொள்ளலாம் என்கிற சரக்காக அந்த உயிர் ஆகிவிட்டது. கலப்ரேசியின் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: குழியின் விஷக்காற்றை எவன் குறைந்த செலவில் தவிர்க்கக் கூடும்? மூச்சடக்கி இறங்குகிறவனா, அல்லது யந்திரம் வாங்கக் கூடிய முனிசிபாலிடியும் காண்டிராக்டரும் வீட்டுக்காரருமா? குழிக்குள் இறங்குகிறவர் எந்த ஜாதியில் பிறந்தவர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு "அவன் விதி" என்கிறவர் யார் என்றும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊர் முனிசிபாலிடியில் யந்திரம் எத்தனை இருக்கிறது, ஆள் இறங்கின குழி எத்தனை என்று எழுதிக் கேட்க உங்களுக்கு 2005-ஆம் வருஷத்துத் தகவல் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய்தான் ஆகும். எப்படி எழுதுவதென்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருங்கள். வாசகசாலைத் தோழர்கள் காகிதம் வைத்திருக்கிறார்கள். இனி நம்மைக் கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.